நாயகன் இல்லாத அலமாரி

பனியன் தொழிலாளர் குடும்பங்களைச் சந்திக்க ஞாயிற்றுக்கிழமை மாலைப் பொழுதே ஏற்றது. சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வந்திருக்கும். வாரமெல்லாம் ஒன்றரை ஷிப்ட் ஓடிய உடல் சற்றே ஓய்ந்திருக்கும். சென்ற ஆண்டு அத்தகைய ஒரு மாலையில் நெருப்பெரிச்சலில் ஒரு லைன் வீட்டிற்குள் நுழைந்தோம். 2011-ஆம் ஆண்டு திருப்பூர் மாநகராட்சியோடு இணையும் வரை தனி ஊராட்சியாக இருந்த ஊர் அது. இன்று பனியன் கம்பெனிகளின் தகரக் கூரைகளுக்கும் லைன் வீடுகளின் வரிசைகளுக்கும் இடையே பழைய ஊரைத் தேடித்தான் காண வேண்டும்.

அந்த வீட்டில் இரண்டே அறைகள். தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே சுவரில் அறைந்திருந்த பலகையில், ஒரு சாண் உயரங்கூட இல்லாத பதினொரு உருவப் பொம்மைகள் அணிவகுத்து நின்றன. கழுத்து, தோள், முழங்கால் என மூட்டுதோறும் மடங்கக் கூடியவை. 'ஆக்ஷன் ஃபிகர்' என்று கடைக்காரர்கள் சொல்வது இவற்றையே. சூப்பர் ஹீரோ திரைப்படங்களிலிருந்து வந்தவை என்பது பார்த்தவுடன் விளங்கிற்று. ஆயினும் ஏதோ ஒன்று குறைந்தது. உற்று நோக்கினோம். சிலந்தி மனிதனைக் காணோம். வௌவால் மனிதனைக் காணோம். இரும்பு மனிதனும் இல்லை. கோட்டு அணிந்த ஓர் அரசு அதிகாரி, வீட்டைப் பேணும் முதிய பணியாள், மூக்குக் கண்ணாடி அணிந்த காவல்துறை ஆணையர், வில்லனின் அடியாள் ஆகிய இத்தகையோரே அங்கே நின்றனர். சிலருக்குக் கை மூட்டுத் தளர்ந்திருந்தது. ஒருவருக்குக் கையே இல்லை.

அவற்றைச் சேர்த்தவன் அவ்வீட்டு இளைஞன். பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை. தாய் வேறொரு கம்பெனியில் பிசிறு வெட்டுபவர். "சம்பளத்துல ஒரு பங்கு இதுக்கே போயிருது சாமி. நீங்களாச்சும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் தாய். காசைக் கரியாக்கலாமா என்று தொடங்க நாமும் வாயெடுத்தோம். அதற்கு முன், நாயகர்களை ஏன் வாங்கவில்லை என்று கேட்கத் தோன்றிற்று. "ஹீரோவை எல்லாரும் வாங்கிருவாங்க சாமி. இவங்களை நாம வாங்காட்டி யார் வாங்குவா?" என்றான் அவன்.

சொல்ல வந்த அறிவுரை தொண்டையிலேயே நின்றது. ஒரு திரைப்படத்தைப் பற்றி எழுதப்படும் பல பக்க விமர்சனங்களைவிட அவ்விடையில் விமர்சனம் மிகுந்திருந்தது. அந்த விடையின் உண்மை எவ்வளவு, அதன் எல்லை எது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொம்மை என்ற சொல்லுக்கு அஞ்சியவர்கள்

இப்பொம்மைகளின் வரலாறு நெடியதன்று. 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 'ஜி.ஐ. ஜோ' என்ற பன்னிரண்டு அங்குலப் போர்வீரனை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பொம்மை என்றால் பெண் குழந்தைகளுக்கு உரியது. சிறுவர்கள் வாங்க மாட்டார்கள் என்ற அச்சம் வணிகர்களுக்கு இருந்தது. ஆகவே பொம்மை என்ற சொல்லையே விலக்கி, 'ஆக்ஷன் ஃபிகர்' என்ற புதுப் பெயரைப் படைத்தனர். செயல்புரிபவனே ஆண்மகன், செயல்புரிபவனே பொம்மையாகத் தக்கவன் என்ற எண்ணம் பெயரிலேயே குடியேறிவிட்டது. இதை நினைவில் வைத்தால், செயல்புரியாமல் துணை நிற்பவர்களுக்கு இவ்வுலகில் இடம் கிடைப்பது ஏன் அரிதாயிற்று என்பது விளங்கும்.

1977-இல் 'ஸ்டார் வார்ஸ்' வெளியானபோது நிலைமை சற்று மாறியது. அதன் பொம்மை உரிமையைப் பெற்றிருந்த கென்னர் நிறுவனத்தால் அவ்வாண்டுக் கிறிஸ்துமசுக்குள் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. பொம்மைக்குப் பதிலாக ஒரு சான்றிதழை அட்டை உறையில் வைத்து விற்றது; நான்கு பொம்மைகள் அடுத்த ஆண்டு அஞ்சலில் வந்தன. மூன்றே முக்கால் அங்குல உயரத்தில் பொம்மைகள் அமைந்ததால் செலவு குறைந்தது. செலவு குறைந்ததால் பாத்திரங்கள் பெருகினர். மதுக்கடைக் காட்சியில் சில விநாடிகளே தோன்றும் விந்தை உயிர்களும் உருவம் பெற்றன. அவற்றின் பெயர்களையே மக்கள் பொம்மை அட்டையில் படித்துத்தான் அறிந்தார்கள். துணைப்பாத்திரங்களைச் சேகரிக்கும் வழக்கம் இங்கேதான் வேரூன்றிற்று.

சூப்பர் ஹீரோ திரைப்படங்களுக்கு வருவோம். 1989-இல் டிம் பர்ட்டன் இயக்கிய 'பேட்மேன்' வெளிவந்தபோது டாய் பிஸ் நிறுவனம் மூவருக்கு மட்டுமே உருவம் தந்தது. முதல்வன் பேட்மேன். இரண்டாமவன் எதிரி ஜோக்கர். மூன்றாமவன் யார்? கதாநாயகியா? நாயகனைத் தந்தை போல் வளர்த்த ஆல்பிரட்டா? காவல்துறை ஆணையர் கார்டனா? எவரும் இல்லை. ஜோக்கரின் அடியாள் பாப். நாயகன் அடிப்பதற்கு ஆள் வேண்டும். ஆளை விற்றால் விளையாட்டு நடக்கும். வணிகக் கணக்கு அவ்வளவுதான். திரைப்படத்திலோ பாப் தன் தலைவனுக்குச் சொன்னதெல்லாம் செய்கிறான். திட்டம் தோற்ற கோபத்தில் ஜோக்கர் அவனிடமே துப்பாக்கியைக் கேட்டு வாங்கி அவனையே சுட்டுவிடுகிறான். அதன்பின் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கொன்ற தலைவனும் கேட்பதில்லை. கதை சொன்னவரும் கேட்பதில்லை. அடுத்த ஆண்டு உரிமை கென்னர் கைக்கு மாறியபோது, படத்தில் அவன் ஒருபோதும் அணியாத வண்ணங்களில் விதவிதமான பேட்மேன்களே கடைகளை நிறைத்தனர்.

நெருப்பெரிச்சல் பலகையில் நின்ற அடியாள் இந்தப் பாப்தான். கையில்லாதவனும் அவனே.

யாருக்கு உருவம் தருவது?

கதையில் யார் இன்றியமையாதவர் என்பதைக் கதையாசிரியர் முடிவு செய்கிறார் என்று நாம் எண்ணுகிறோம். எப்போதும் அப்படியன்று. 2015-இல் வெளிவந்த 'அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' படத்தில் பறக்கும் வானூர்தியிலிருந்து மோட்டார் சைக்கிளோடு கீழே பாய்பவள் பிளாக் விடோ என்ற பெண். அக்காட்சிக்கென விற்ற பொம்மைத் தொகுதியிலோ அந்த வண்டியில் அமர்ந்திருந்தவர் கேப்டன் அமெரிக்கா. அவள் செய்த செயல் அவருடைய கணக்கில் எழுதப்பட்டது. அதே படத்தில் ஹல்க்காக நடித்த மார்க் ரஃபலோ, தம் மகள்களுக்கும் உறவுப் பெண் குழந்தைகளுக்கும் பிளாக் விடோ பொருள்கள் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகவே கேட்க வேண்டியிருந்தது.

பொம்மை கதையின் பின்னால் வருவதோடு நில்லாமல் சில வேளை முன்னாலும் செல்கிறது. 2013-இல் வந்த 'அயர்ன் மேன் 3' படத்தின் முதல் எழுத்து வடிவில் முதன்மை எதிரி ஒரு பெண் என்றும், பெண் பொம்மை விற்காது என்ற கணக்கால் அப்பாத்திரம் ஆணாக மாற்றப்பட்டது என்றும் அதன் இயக்குநர் ஷேன் பிளாக் 2016-இல் கூறினார். அலமாரியில் நில்லாதவர் என்று கருதப்பட்டதாலேயே திரையிலும் நில்லாமற் போனார் ஒரு பாத்திரம்.

எனவே, 'இவர்களை யார் வாங்குவார்?' என்று அந்த இளைஞன் கேட்டது வெறும் இரக்கக் கேள்வியன்று. வாங்குவார் இல்லை என்ற காரணத்தால் ஒருவரை இல்லாதவராக்கும் முறைக்கு எதிரான கேள்வி அது. அளவில் சிறிய எதிர்ப்பே எனினும் எதிர்ப்பு எதிர்ப்புத்தான்.

தனக்கென ஒரு விருப்பம்

துணைப்பாத்திரம் என்று ஒருவரை எதனால் சொல்கிறோம்? குறைந்த நேரமே தோன்றுவதாலா? அன்று. தனக்கென ஒரு விருப்பம் இல்லாமல் நாயகனின் விருப்பத்திற்காக மட்டுமே இயங்கும்படி எழுதப்படுவதாலேயே ஒருவர் துணைப்பாத்திரம் ஆகிறார். இந்த அளவுகோலை வைத்தே சூப்பர் ஹீரோ திரைப்படங்களை எடை போடலாம் என்று கருதுகிறோம். இறக்கும் மாமாவும் கடத்தப்படும் காதலியும் எரியும் ஊரும் நாயகனைச் சினங்கொள்ளச் செய்யும் விறகுகளாகவே பல படங்களில் அடுக்கப்படுகின்றனர்.

இதற்கு நல்லதொரு விலக்கு பில் கோல்சன். நாம் பலகையில் கண்ட கோட்டு அணிந்த அதிகாரி இவர்தான். 2008-இல் வந்த முதல் 'அயர்ன் மேன்' படத்தில் வாயிலில் காத்திருந்து பேசிச் செல்லும் சிறு வேடம். நடித்தவர் கிளார்க் கிரெக். 2012-இல் வந்த 'தி அவெஞ்சர்ஸ்' படத்தில் இவருக்கு ஒரு விருப்பத்தைத் தந்தார்கள். கேப்டன் அமெரிக்காவின் படம் பதித்த பழைய அட்டைகளை இவர் சேகரிக்கிறார்! வீரரை நேரில் கண்டதும் நாணி, அட்டைகளில் கையெழுத்திடுவீர்களா என்று கேட்கிறார். ஆம் வாசகர்களே, துணைப்பாத்திரமே இங்கே சேகரிப்பாளர். அந்த ஒரு சிறு பற்றினால் அவர் மனிதராகிவிடுகிறார். பின்னர் லோக்கியின் கையால் அவர் வீழ்கிறார். அவருடைய தலைவர் நிக் ப்யூரி, இரத்தம் தோய்ந்த அட்டைகளை வீரர்கள் முன் மேசைமேல் வீசுகிறார், வீரர்கள் ஒன்றுபடுகின்றனர். ஆனால் அட்டைகள் அப்பொழுது கோல்சனின் உடையில் இல்லை. வேறிடத்தில் இருந்தவற்றை எடுத்துக் குருதியில் தோய்த்தவர் தலைவரே என்பதும் உடனே நமக்கு உணர்த்தப்படுகிறது. உயர்ந்த நோக்கத்திற்காகவே எனினும், இறந்த ஊழியரின் ஆசைப்பொருள் ஒரு கருவியாக்கப்பட்டது. சூப்பர் ஹீரோ படமொன்று தன் குற்றத்தைத் தானே அறிந்து காட்டிய அரிய இடம் இது என்போம். மக்கள் கோல்சனை விட மனமில்லாமல் போற்றினர். 2013-இல் தொடங்கி 2020 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடரொன்றில் அவரே முதன்மைப் பாத்திரமாக மீண்டு வந்தார்.

அண்டை மாநிலத்துச் சான்றும் உண்டு. பேசில் ஜோசப் இயக்கி 2021 டிசம்பர் 24 அன்று வெளியான 'மின்னல் முரளி' மலையாளப் படம் தமிழ்க் குரலிலும் வந்தது. திருப்பூர் மக்கள் அதைச் சற்றுக் கூடுதல் உரிமையோடு காணலாம். அதன் நாயகன் ஒரு தையற்காரன். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு முந்திய இரவில் மின்னல் இருவரைத் தாக்குகிறது. தையற்காரன் ஜெய்சன் ஒருவன். ஊரார் ஒதுக்கிவைத்த தேநீர்க்கடைப் பணியாளன் ஷிபு மற்றவன். ஒரே மின்னல், ஒரே ஆற்றல். ஒருவன் காப்பவனாகிறான், மற்றவன் அழிப்பவனாகிறான். ஏன்? ஷிபுவுக்கு ஒரே விருப்பம்தான்: இளமை முதல் நெஞ்சில் சுமந்த உஷா. ஊரார் வைத்த தீ அவளைப் பறித்துக்கொண்ட பிறகே அவன் ஊரை எரிக்கத் துணிகிறான். நம் தமிழ் நடிகர் குரு சோமசுந்தரம் அவ்வேடத்தில் தோன்றும்போது, எதிரியை வெறுக்க நம்மால் இயலவில்லை. வேறொரு படமாக இருந்தால் தேநீர்க் குவளையை நீட்டிவிட்டு ஓரம் போயிருக்க வேண்டிய மனிதன் அவன். ஓரத்தில் நிற்பவனுக்கும் ஒரு முழு நெஞ்சு உண்டு என்று அப்படம் நம்பியது. அதன் வெற்றிக்கு அந்த நம்பிக்கையே காரணம் என்பது நம் கணிப்பு.

சேகரிப்பின் அறமும் அதன் கண்ணியும்

இவ்வளவு புகழ்ந்தபின் மறுபக்கத்தையும் சொல்வதே முறை. ஓரத்தில் நிற்பவர்களைச் சேகரிப்பதாலேயே ஒருவன் எளியோரின் நண்பன் ஆகிவிடுவதில்லை.

சேகரிப்போர் உலகில் பெயர்பெற்ற பொம்மை ஒன்று உண்டு. 1978-இல் சியர்ஸ் கடைகளுக்கெனக் கென்னர் செய்த மதுக்கடைத் தொகுதியில் 'ஸ்னேகில்டூத்' என்ற சிறு பாத்திரம் இடம்பெற்றது. செய்தவர்களிடம் இருந்ததோ உடலின் மேற்பகுதி மட்டுமே தெரியும் கறுப்பு வெள்ளைப் படம். உயரமாக இருப்பான் என்று கருதி நெடிய உருவமாக்கி நீல உடை உடுத்திவிட்டனர். உண்மையில் அவன் குள்ளன், உடையோ சிவப்பு. பின்னர்த் திருத்தினர். இன்று அந்தத் தவறான நீல உருவத்தையே மிகுந்த பொருள் கொடுத்துத் தேடுகின்றனர். அதே படத்தில் பாலைநிலத்தில் கழிவுப் பொருள் பொறுக்கும் ஜாவா என்ற சிற்றுயிருக்கு முதலில் பிளாஸ்டிக் மேலாடை அணிவித்தனர். மற்றப் பொம்மைகளின் விலைக்கு இது மிகவும் எளிமையாகத் தெரிகிறதே என்று துணி மேலாடைக்கு மாற்றினர். இன்று துணி உடுத்தியவன் எளிதில் கிடைப்பான். பிளாஸ்டிக் உடுத்தியவனோ செல்வர்களின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறான்.

இதில் பாத்திரத்தின்மீது அன்பு எங்கே இருக்கிறது? அருமைப்பாடே இங்கு மதிப்பாகிறது. துணைப்பாத்திரங்களைக் குறைவாகச் செய்வதால் அவை அரியவை ஆகின்றன. அரியவை ஆவதால் விலை ஏறுகின்றன. விலை ஏறியதும் பெட்டியைப் பிரிக்காமலே பூட்டி வைக்கின்றனர். எளியவன் என்பதற்காகத் தேடத் தொடங்கி, கிடைத்தற்கு அரியவன் என்பதற்காகப் பூட்டி வைப்பதில் முடிகிறது. 'மார்வெல் லெஜண்ட்ஸ்' என்ற ஆறு அங்குல வரிசையில் இன்னொரு தந்திரமும் உண்டு. பல பெட்டிகளுக்குள் வேறொரு பெரிய உருவத்தின் கையோ காலோ தலையோ வைக்கப்பட்டு வந்தது. அப்பெரிய உருவத்தை முழுமையாக்க விரும்புகிறவர் அவ்வரிசை முழுவதையும் வாங்கியாக வேண்டும். துணைப்பாத்திரம் இங்கும் துணைப்பாத்திரமே. யாரோ ஒருவரின் இடக்காலைச் சுமந்து வருவதற்காக வாங்கப்படுகிறது!

நம் நாட்டில் இவ்வழக்கம் மலிவானதன்று. வெளிநாட்டுப் பொம்மைகள் மீதான சுங்கவரி 2020-இல் நூற்றுக்கு 20-லிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. 2021 தொடக்கம் முதல் இந்தியத் தர நிறுவனத்தின் முத்திரையும் கட்டாயமாயிற்று. உள்நாட்டுத் தொழில் வளரவும் குழந்தைகளுக்குத் தரமான பொருள் கிடைக்கவும் எடுத்த நடவடிக்கைகள் அவை, குறை சொல்வதற்கில்லை. எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல், அமெரிக்காவில் ஓய்வு பெற்ற அச்சுகளைக் கொண்டு நம் நாட்டிலேயே ஜி.ஐ. ஜோ பொம்மைகளைச் செய்தது. அமெரிக்கப் பொம்மையில் இல்லாத வண்ணங்கள் அவற்றில் அமைந்தன. அந்த இந்திய வண்ணங்களுக்காகவே வெளிநாட்டார் அவற்றைத் தேடுகின்றனர். வண்ணம் தீட்டிய கைகளுக்குரியவரின் பெயர் எந்த அட்டையிலும் இல்லை.

நம் இளைஞன் பிறர் கழித்துவிட்டவற்றையே வாங்குகிறான். பெட்டி இல்லாதவை, மூட்டு விட்டவை, கையிழந்தவை. அவற்றுக்கு மறுவிலை கிடையாது. ஆகவே அருமைப்பாட்டின் கண்ணி அவனைப் பிடிக்கவில்லை. ஆனால் வேறொரு கண்ணி எல்லாருக்கும் உண்டு. பலகையில் பதினொருவரை நிறுத்திவிட்டோம் என்ற நிறைவில், பலகைக்குக் கீழே நிற்பவர்களை மறந்துவிடுவது.

நம் வீட்டுப் படிகளில்

சிறு உருவங்களைச் சேர்த்து அடுக்கும் பழக்கம் மேல்நாட்டார் நமக்குக் கற்பித்ததன்று. நவராத்திரிக் கொலுவைப் பார்த்தவர்கள் அறிவர். மேற்படிகளில் தெய்வங்கள் வீற்றிருக்க, கீழ்ப்படியில் அரிசியும் பருப்பும் பரப்பிக் கடை வைத்திருப்பார் செட்டியார்; அருகில் அவர் மனைவி. எந்தப் புராணத்திலும் இல்லாத அவர்கள் இல்லாமல் கொலு நிறைவதில்லை. மதுரைக்கு அருகே விளாச்சேரியில் கொலுப் பொம்மை செய்யும் கைகளே மார்கழியில் நம் குடில்களுக்கு இடையரையும் ஞானியரையும் செய்து தருகின்றன.

குடிலின் வரலாறும் துணைப்பாத்திரங்களின் வரலாறே. 1223-இல் புனித பிரான்சிஸ் கிரேச்சியோ ஊரில் அமைத்த குடிலில் இன்று நாம் வைக்கும் உருவங்கள் எவையும் இல்லை; தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும் மட்டுமே இருந்தன. அந்த மாடும் கழுதையும்கூடப் பிறப்பு நிகழ்ச்சியை விவரிக்கும் நற்செய்தியில் சொல்லப்படாதவை. இடையர்களின் பெயரும் எண்ணிக்கையும் அங்கே இல்லை. ஞானியர் மூவர் என்பதும், அவர்களுக்கு வழங்கும் பெயர்களும் பின்வந்த மரபு தந்தவையே. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் கோவில்கள் மூடப்பட்டபோது பிரான்சின் தென்பகுதி மக்கள் வீட்டிற்குள்ளேயே சிறு குடில் அமைத்தனர். மார்செய் நகரைச் சேர்ந்த ழான் லூயி லாஞெல் என்பவர் எளியோர் கைக்கு எட்டும் விலையில் களிமண் உருவங்களை அச்சில் வார்த்தார். அவருக்கு மாதிரியாக அமைந்தோர் அவர் ஊராரே: ரொட்டி சுடுபவர், மீன் விற்பவள், கத்தி தீட்டுபவர், தண்ணீர் சுமப்பவள். அவர்களோடு ஒருவன் வெறுங்கையோடு நிற்பான். காணிக்கை ஏதும் கொண்டுவராமல் வியப்பில் இரு கைகளையும் உயர்த்தியிருப்பான். 1803 முதல் அங்கே அவ்வுருவங்களுக்கென ஆண்டுதோறும் சந்தை கூடுகிறது. 'சிறு புனிதர்' என்று பொருள்படும் பெயரால் அவற்றை அழைக்கின்றனர்.

இங்கேதான் ஒரு வேறுபாட்டைக் காண்கிறோம். திரைப்படப் பொம்மையில் துணைப்பாத்திரம் நாயகனுக்காக இருக்கிறது. அக்குடிலிலோ நடுவில் இருப்பவர் அசையாத குழந்தை, அடிப்பதில்லை, பறப்பதில்லை. சுற்றி நிற்போரே தத்தம் தொழிற்கருவியோடு வந்து நிற்கின்றனர். கத்தி தீட்டுபவர் தம் சாணைக்கல்லை விட்டுவிட்டு வரவில்லை.

பிசிறு வெட்டும் கைகள்

மீண்டும் திருப்பூருக்கு வருவோம். சூப்பர் ஹீரோக்கள் நம் ஊருக்குப் பொம்மையாக வந்ததைவிடப் பனியனில் அச்சாக வந்ததே மிகுதி. வெட்டிய துணித்துண்டில் நாயகனின் முகத்தை அச்சிடுகின்றனர். ஓவர்லாக் இயந்திரம் தோளையும் பக்கங்களையும் இணைக்கிறது. அடுத்த இயந்திரம் ஓரத்தை மடித்துத் தைக்கிறது. அதன்பின், தொங்கும் நூல்முனைகளை ஒவ்வொன்றாகத் தேடி வெட்ட வேண்டும். தரையில் அமர்ந்து, மடியில் பனியன் குவியலோடு, கையில் சிறு கத்தரியோடு நாள் முழுவதும் அப்பணியைச் செய்வோர் பெரும்பாலும் பெண்கள். கூலியும் குறைவு. பிறகு செக்கிங், இஸ்திரி, பேக்கிங். உலகின் ஏதோ ஓர் ஊரில் ஒரு குழந்தை அந்த நாயகனை நெஞ்சில் அணிந்து ஓடும். ஒரு நூலிழையும் அதன் கழுத்தை உறுத்தாது. உறுத்தாமற் செய்தவர் யார் என்பது எந்த லேபிளிலும் இராது. பணி எவ்வளவு செம்மையாக நடந்ததோ அவ்வளவுக்கு அவர் மறைந்துபோகிறார்.

இதை எழுதும்போது நம் தவறு ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் குடில் அமைத்த இளைஞர்களோடு அவனும் வந்தான். இடையர்களுக்கு நடுவே வைக்கத் தன் கையால் ஒரு களிமண் உருவம் செய்து கொண்டுவந்தான். தரையில் அமர்ந்த ஒரு பெண், மடியில் துணிக்குவியல், கையில் கத்தரி. முகம் அவ்வளவு திருத்தமாக அமையவில்லை. கைகள் மட்டும் நன்றாக வந்திருந்தன. "பெத்லகேமில் ஏது பனியன் கம்பெனி?" என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளித்தனர். விழா நேரத்தில் மனத்தாங்கல் வேண்டாம் என்று எண்ணி, அவ்வுருவத்தை வைக்கோலுக்குப் பின்னே ஓரமாக நாமே நகர்த்தி வைத்தோம். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து மக்கள் குடிலைக் காண வந்தபோது அவன் தாயும் வந்தார். நெடுநேரம் தேடினார். கண்ணில் படவில்லை. ஒன்றும் சொல்லாமல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். மகனும் நம்மிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

மார்செய் ஊர்க் கத்தி தீட்டுபவருக்கு ஒரு காலத்தில் கிடைத்த இடத்தை, நெருப்பெரிச்சல் பெண்ணுக்குத் தர நமக்கு மனம் வரவில்லை. யாருக்கு உருவம் தருவது என்று வணிகர்கள் போட்ட கணக்கை இவ்வளவு நேரம் குறை கூறினோம். அதே கணக்கைத்தான் நாமும் போட்டிருக்கிறோம். அவர்கள் வாங்குவோரை எண்ணினர். நாம் முகம் சுளிப்போரை எண்ணினோம்.

பொருட்காட்சியில் வைப்பதும் பூட்டி வைப்பதும் விலை பேசுவதும் சேகரிப்பின் பயன் அல்ல. ஒருவரை உற்றுப் பார்க்கக் கற்றுக்கொள்வதே அதன் பயன். கையில்லாத பாப்பைப் பலகையில் நிறுத்திப் பல மாதம் பார்த்த கண்கள்தாம், தன் தாயின் கைகளையும் அவ்வளவு கூர்மையாகப் பார்த்துக் களிமண்ணில் வடித்தன. திரைப்படம் செய்யத் தவறியதை ஒரு சேகரிப்பாளன் செய்தான். அந்த அளவில் அவனுடைய செலவு வீண் அன்று என்றே இப்போது கருதுகிறோம். தாயிடமும் அவ்வாறே சொன்னோம். மாதத்திற்கு ஒன்றுக்கு மேல் வாங்காதே என்று மகனிடமும் சொல்லி வைத்தோம். அறிவுரை சொல்லும் பழக்கம் எளிதில் விடுவதில்லை.

அண்மையில் அவ்வீட்டுக்கு மீண்டும் சென்றோம். பலகையில் இப்போது பன்னிரண்டு பேர் நிற்கின்றனர். கோட்டு அணிந்த அதிகாரிக்கும் முதிய பணியாளுக்கும் நடுவே, கத்தரியோடு அமர்ந்திருக்கிறாள் அந்தக் களிமண் பெண். அவளுக்குப் பெட்டி இல்லை, அட்டை இல்லை. உலகில் ஒன்றே ஒன்று. வரும் விழாவுக்கு அவளைக் குடிலுக்கு இரவலாகத் தர இயலுமா என்று கேட்டோம். அவன் தாயைப் பார்த்தான். தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "முன்னாடி வைக்கிறதா இருந்தா கொண்டு போங்க சாமி" என்றார்.

முன்னால் வைப்பதாக வாக்குக் கொடுத்து வந்திருக்கிறோம்.